வேலாயுதம் என்ற என் பெயர்

போர்க்காலத்தில் சித்தாண்டிச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் என் பெயரைக் கேட்டான். "வேலாயுதம்" என்றேன். சிங்களத்திலும் ஆயுதத்துக்கு ஏறக்குறைய அதே சொல்தான். "ஆயுதம் எங்க?" என்று துவக்குப் பிடியால் வாயில் இடித்தான். விழுந்த பிறகும் மிதித்தார்கள். என் பற்கள் இரண்டு மண்ணில் கிடந்தன.

வரிசையில் நின்ற ஏறாவூர் முஸ்லிம் புடவை வியாபாரி ஒருவர் முன்னால் வந்து, அது கதிர்காமத் தெய்வத்தின் வேலைக் குறிக்கும் பெயர் என்று சிங்களத்தில் சொன்னார். குறுக்கே பேசியதற்காக அவர் நெஞ்சிலும் ஓர் உதை விழுந்தது. ஆனால் கதிர்காமம் சிங்களவரும் கும்பிடும் கோயில்; அதன் பெயர் கேட்டதும் என்னை விட்டுவிட்டார்கள்.

தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது.

"எனக்காக ஏன் அடி வாங்கினீங்க?" என்றேன்.

"பேரின்ட கருத்துத் தெரிஞ்சவன் பாத்துக்கொண்டு நிக்க ஏலாது தம்பி," என்றார், மூச்சு வாங்கியபடி.

அதன்பிறகு ஏறாவூர் ஆட்களை யாராவது இழிவாகப் பேசினால், நான் அங்கே உட்கார்ந்திருப்பதில்லை.