பதுர்தீன் பாஸைத் திமிங்கிலம் விழுங்கிய பாட்டு

கற்பிட்டியில் பொஸ்கோ பாடாத கலியாண வீடு குறைவு. வயது அறுபத்தெட்டு. எல்லாம் அவரே கட்டிய பாட்டுகள். அவற்றின் இழுவை, உடப்புக் கரையில் இரண்டு வருடம் கரைவலை இழுத்தபோது தொற்றியது. துள்ளல், சிலாபம் பஸ்களில் கேட்ட பைலாப் பாட்டு. சோகம் தலவிலக் கோயிலில் கேட்டது. தாளத்தை மட்டும் பதுர்தீனின் பட்டறையிலிருந்து எடுத்திருந்தார். பதுர்தீன் படகு எஞ்சின் திருத்துபவர்; தொழில் தெரிந்தவரை ஊரில் பாஸ் என்பார்கள். பொஸ்கோவுக்கு நாற்பது வருடச் சிநேகிதர்.

யாராவது சாகாமல் பொஸ்கோவின் பாட்டு முடியாது. அதுவரை செத்தவர்கள் எல்லோரும் கற்பனை ஆட்கள். போன ஓகஸ்ட் தலவிலத் திருவிழாவில் பாடிய புதுப் பாட்டிலோ, எஞ்சின் சோதிக்கக் கடலுக்குப் போன பதுர்தீன் பாஸைத் திமிங்கிலம் விழுங்கிவிட்டது. யாரோ அதைப் போனில் பதிந்து ஊரெல்லாம் அனுப்பினார்கள்.

மறுநாள் காலை புத்தளத்திலிருந்து நான்கு பேர் சாவு விசாரிக்க வந்து பதுர்தீன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

"பாஸ் மௌத்தாம். ஜனாஸா எடுக்கிறது எத்தின மணிக்கு?"

"நான்தான் பாஸ்."

வந்தவர்களில் மூத்தவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பாட்டுல பேரோட சொல்றாங்களே."

திருத்தக் கொண்டுவந்த எஞ்சின்களைச் சொந்தக்காரர்கள் வேறு பட்டறைக்குத் தூக்கிப் போனார்கள். புருசன் செத்து வீட்டுக்குள் இத்தா இருக்கவேண்டியவள் மீன் வாங்கப் போகலாமா என்று பக்கத்து வீட்டு மபாஸா, பதுர்தீனின் மனைவி ஹாஜராவிடம் கேட்டாள். கேட்கும்போது பதுர்தீன் மபாஸா உட்காரக் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரமே பதுர்தீன் முச்சக்கரவண்டி பிடித்து பொஸ்கோவிடம் போனார்.

"என்னத்துக்கு மச்சான் என்னக் கொன்ன?"

"பீற்றர் எண்டு போட்டுப் பாத்தன், தாளத்தில நிக்கேல்ல. 'பதுர்தீன், பதுர்தீன்' எண்டு சொல்லிப் பார். எஞ்சின் ஓடுது."

பதுர்தீன் சொல்லிப் பார்த்தார். ஓடத்தான் செய்தது. அது அவருக்கு இன்னும் கோபத்தைக் கூட்டியது.

"பாட்டுல என்ன உசுராக்கு."

பொஸ்கோ மூன்று நாள் இருந்து புது அடிகள் கட்டினார். திமிங்கிலம் பதுர்தீனை உடப்புக் கரையில் துப்புகிறது. வலைக்காரர் இழுத்துக் கரையேற்றுகிறார்கள். அடுத்து வந்த கலியாண வீட்டில், சாட்சிக்கு பதுர்தீனையும் பக்கத்தில் நிறுத்தி அதைப் பாடினார். சனம் கூச்சல் போட்டது.

"துப்ப வேண்டாம்! பழைய மாதிரிப் பாடுங்கோ!"

"இவர் அவரில்ல," என்றார் மாப்பிள்ளையின் மாமா. "செத்தவர் உயரமான ஆள்."

பொஸ்கோ தலை குனிந்தபடி பழைய முடிவையே பாடினார். கரையில் நின்று ஹாஜரா கூப்பிடுகிறாள், கடல் பதில் சொல்லவில்லை என்ற இடம் வந்தது. சமையல்காரர்கள்கூடக் கரண்டியை வைத்துவிட்டு அழுதார்கள். பதுர்தீன் சாரத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கலியாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் ஹாஜரா அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

பாட்டு முடிந்ததும் பொஸ்கோ மெல்லக் கேட்டார்: "பேர மாத்தவா?"

"வேணாம். நல்ல மனிசன் எண்டு ஒரு அடி போடு. நோன்பு ஒண்டும் விடாதவன் எண்டும் போடு."

"நீ விட்டிருக்கிறாயே."

"மௌத்தானவனப் பத்தி அப்பிடிக் கதைக்காத," என்றார் பதுர்தீன்.