டயரின் உள்ளோரம்

வாஞ்சூர் சாலையில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் பாலகுருவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வேலையில் சுத்தம், வாயில்தான் சனி. துறைமுகத்து நிலக்கரி லாரிகள் குதறிப்போட்ட சாலை அது. அதில் ஒரு வருஷம் ஓடிய கார் எதுவும் நேராகப் போகாது. ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஒரே ஓரமாகத் தேயும். பாலகுரு பட்டறைக் குழியில் இறங்கி, வண்டிக்கு அடியில் கையைவிட்டுத் தடவியே எந்த ஓரம் போயிருக்கிறதென்று சொல்லிவிடுவார். சொன்னதோடு விடுவாரா? முதலில் டயரை மாற்று என்று வண்டிக்காரரைப் பிடித்துத் திட்டித் தீர்ப்பார்.

அதற்கு ஒரு நாள் பதில் கிடைத்தது. கோட்டுச்சேரிக்காரர் ஒருவர், டயர் கடையில் உமக்கு எவ்வளவு கமிஷன் என்று பத்துப் பேர் நடுவே கேட்டுவிட்டார். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாலகுருவுக்கு முகம் செத்துப்போயிற்று. இனிமேல் சொன்ன வேலையை மட்டும் செய்வது, அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் என் பேர் பாலகுரு இல்லை என்று அன்றைக்கே வைராக்கியம் பூண்டார். பெரிய வைராக்கியம்!

மறுவாரம் நெடுமாறன் வந்தான். சொந்தமாக ஒரு கார் வைத்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை அழைத்துப் போய்வருகிறவன். பத்து நாளாக வண்டி இடது பக்கம் இழுக்கிறது, பயந்து பயந்து மெதுவாகவே ஓட்டுகிறேன் என்றான். பாலகுரு குழியில் இறங்கி இடது முன் டயரைத் தடவினார். உள்ளோரம் தேய்ந்து, டயருக்குள் இருக்கும் கம்பி வெளியே வந்திருந்தது. வேகம் பிடித்தால் வெடிக்கும். விரலில் குத்தி ரத்தம் வந்தது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அது தெரியாது. பாலகுருவுக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டு விரலைத் துணியில் துடைத்தார்.

சக்கரத்தின் கோணத்தைத் திருத்தினார். கம்ப்யூட்டர் திரையில் எண்களெல்லாம் சரி என்று பச்சைக்கு மாறின. அதை ஒரு தாளில் அச்செடுத்து நெடுமாறன் கையில் கொடுத்தார். அவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, இழுவையே இல்லை என்று பூரித்துப்போனான். அந்த இழுவை ஒன்றுதான் இத்தனை நாள் அவனை மெதுவாகப் போகவைத்தது.

"நாளைக்கிப் பாண்டி போவணும்ண்ணே. போவலாமுல்ல?"

"தாராளமா போய்ட்டு வாங்க தம்பி."

மறுநாள் நோயாளியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினான். மதியத்துக்கு மேல், சீர்காழி தாண்டி, கார் புளியமரத்தில் மோதியது. அங்கேயே உயிர் போயிற்று. நேரில் பார்த்தவர் யாருமில்லை. கண் அசந்திருப்பான் என்றார்கள். டயர் கிழிந்து கிடந்ததை, மோதியதில் கிழிந்தது என்று விட்டுவிட்டார்கள்.

சேதி பாலகுருவின் காதுக்கு வந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போனார். மரத்துக்கு நாற்பதடி முன்னாலிருந்தே தார் மேல் பிரேக் பிடித்த தடம் கறுப்பாக வளைந்து கிடந்தது. அதற்கும் முன்னால், உரிந்துபோன டயர் துண்டு. மோதுவதற்கு முன்பே வெடித்திருக்கிறது. தூங்குகிறவன் பிரேக் பிடிப்பானா? பாலகுரு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சொன்னால் பிழைப்பு போகும், வழக்கு வரும். சொல்லாவிட்டால் எவனுக்கும் தெரியப்போவதில்லை. பதினைந்து நாள் அந்தத் தைரியத்தில்தான் நடமாடினார். தைரியமாவது மண்ணாவது, உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார்.

கருமாதிக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. நெடுமாறன் மனைவி நீலாயதாட்சி சுவரோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மகள் வெண்மதியைக் கல்லூரி விடுதியில் சேர்ப்பது பற்றி அவளுக்கும் புருஷனுக்கும் விபத்துக்கு முதல்நாள் ராத்திரி பெரிய சண்டையாம். விடியும்வரை அவனைத் தூங்கவிடவில்லையாம். அவள்தான் கொன்றாள் என்று நாத்தனார்கள் அவள் காதுபடவே பேசினார்கள். வெண்மதி அம்மாவோடு பேச்சை விட்டுப் பதினைந்து நாளாகிறது.

பாலகுருவைப் பார்த்ததும் நீலாயதாட்சி எழுந்து வந்தாள்.

"வண்டில ஒரு கொறையும் இல்லன்னு நீங்க குடுத்த தாளு அவரு சட்டப் பையில இருந்துச்சுண்ணே. அப்ப நாந்தானே காரணம்?"

அதற்கு மேல் பாலகுருவால் தாங்க முடியவில்லை. கம்பி தெரிந்ததை, கமிஷன் பேச்சுக்கு ரோஷப்பட்டு வாயை மூடிக்கொண்டதை, சாலையில் கிடந்த தடத்தை, எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் கொட்டிவிட்டார். செருப்படி விழும் என்று தலையைக் குனிந்து நின்றார். நீலாயதாட்சி அடிக்கவில்லை, ஒரு சொல் திட்டவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கட்டில் ஓரத்தில் வெண்மதி இருந்தாள்.

"இவகிட்டயும் சொல்லுங்க."

பாலகுரு அவளிடம் சொன்னார். "ஒங்கப்பா தூங்கல தாயி. அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எம்மேலதான். டயர் வெடிச்சும், கடைசி வரைக்கும் பிரேக்க மிதிச்சிக்கிட்டேதான் இருந்துருக்காரு."

வெண்மதி முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு பாலகுருவின் பக்கம் திரும்பினாள். தூக்கத்திலேயே, ஒன்றும் தெரியாமல் போய்விட்டார் என்று சொல்லித்தான் இத்தனை நாள் எல்லாரும் அவளைத் தேற்றிவைத்திருந்தார்கள்.

"அப்ப, மரம் வர்றத அப்பா பாத்துருப்பாங்களா?"

அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்த நீலாயதாட்சியின் கை நழுவியது. ஆமாம் என்று பாலகுரு தலையை ஆட்டினார்.