காமிரா மாட்டுகிறவரின் முகம்

என் வீட்டுக்காரருக்கு வளைகுடாவில் ஒரு கடற்கரைக் கடையில் வேலை. பாய் கட்டிய பலகைமேல் ஏறி நின்று, காற்றைப் பிடித்துக் கடலுக்குள் போகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. விண்ட்சர்ஃபிங் என்பார்கள். அந்தப் பலகைகளை வாடகைக்கு விடும் கடை. போகிறவர்கள் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்ள, தீப்பெட்டி அளவு காமிராவை அதில் மாட்டிக் கொடுப்பது இவர் பொறுப்பு. ஆனி, ஆடியில் தென்காசியில் மாடியில் துணி காயப்போட்டால் கிளிப்போடு பறக்கும். நம்மூரில் இல்லாத காற்றா என்று கேட்பேன். “அங்கன வீசுத காத்துக்கு யாரு துட்டு தாரா?” என்பார்.

தினமும் போனில் அதே பேச்சுதான். “பாய்மரத்து உச்சியில மாட்டினா ஆளு எறும்பா தெரியுதான். பலகை மூக்குல ஒட்டினா வெறுங்காலுதான். கையால பிடிக்குத கம்போட கடைசியில மாட்டணும் புள்ள. அப்பத்தான் ஆளும் விழும், முன்னால இருக்கதும் விழும்.” கழன்றால் கடலோடு போய்விடாமல் ஒரு கயிற்றையும் சேர்த்துக் கட்டுவாராம். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே வெங்காயம் உரிப்பேன். இப்போது அந்த ‘ம்’களை நினைத்தால் எரிச்சல் வருகிறது, என் மேல்தான்.

போன வருஷம் அந்தக் கடற்கரையிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை. நான் இத்தாவில் உட்கார்ந்தேன். புருஷனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது, வெளியே போகக் கூடாது. போகவேண்டும் என்றும் தோன்றவில்லை. குற்றாலத்தில் சீசன் தொடங்கி, ஈரத் தலையோடு ஆட்கள் தெருவில் போனார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம், வாய்விட்டு அழுதுவிடு, பாரம் குறையும் என்றார்கள். எனக்கோ பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

அவரோடு வேலை பார்த்த புளியங்குடிக்காரர் லீவில் வந்தபோது, அவருடைய சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார். நான் உள் அறையில் இருந்தேன். கூடத்தில் அவர் என் மாமியாரிடம் சொன்னது கேட்டது. “நான் பக்கத்துலதான் நின்னேன் பெரியம்மா. சாயும்போதே மடியில தாங்கிக்கிட்டேன். தண்ணி கொடுத்தேன். கடைசியா காதுல கலிமா சொல்லிக் கொடுத்தேன்.” என் பிள்ளை தனியாகப் போகவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுத மாமியார், அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

பெட்டிக்குள் அவருடைய சொந்தக் காமிரா இருந்தது. பழையது, யாரோ கொடுத்தது. கடைக் காமிரா போதாத நாட்களில் இதை மாட்டிவிடுவார். அதிலிருந்த கார்டை எடுத்து என் போனில் போட்டேன். எல்லாப் படத்திலும் முதலில் அவர் முகம்தான். பனியன் நுனியால் காமிராக் கண்ணாடியைத் துடைத்து, ஒரு கண்ணைச் சுருக்கிக் கோணம் பார்க்கிறார். மூக்கு மட்டும் கத்தரிக்காய் அளவுக்குத் தெரிகிறது. பிறகு விலகிவிடுவார். அரை மணி நேரம் எவனோ ஒருவனும் கடலும். முடிவில் மறுபடி அவர் முகம், அணைக்கிற விரல். படம் எடுத்துக்கொண்டவர்கள் வெட்டி எறிகிற துண்டுகள்தான் எனக்கு வேண்டியிருந்தன. ஒன்றுவிடாமல் பார்த்தேன். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

கடைசிப் படத்திலும் அப்படித்தான் துடைத்தார், விலகினார். கடையில் கொடுத்த ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தார். பலகை கடலுக்குள் போய்த் திரும்பியபோது, தூரத்தில் கரை தெரிந்தது. கடைப் பந்தலடியில் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று நின்றது. மறுபடி கடல். இரண்டாம் முறை திரும்பியபோது அந்தப் புள்ளி மணலில் கிடந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. பலகையில் இருந்தவன் கவனிக்கவில்லை, வளைத்துக்கொண்டு கடலுக்கே போனான். மூன்றாம் முறை திரும்பியபோதுதான் கரையில் ஆட்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். காமிராவை அணைத்தது வேறு யாருடையதோ விரல்.

நடுவில் எத்தனை நிமிஷம் என்று போனிலேயே தெரிகிறது. அதை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. கார்டைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு, போய் உலை வைத்தேன்.

இந்த வருஷ சீசனுக்குப் புளியங்குடிக்காரர் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்தார். இத்தா முடிந்துவிட்டதால் நானே டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். “அன்னைக்கு நடந்தத ஒருக்கா சொல்லுய்யா” என்றார் மாமியார். “பக்கத்துலதான் நின்னேன்” என்று தொடங்கியவர், அதோடு நிறுத்திவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். மாமியார் அவர் வாயையே பார்த்தார்.

“சாயும்போதே மடியில தாங்கிக்கிட்டீங்கல்லா அண்ணே” என்றேன் நான். “தண்ணியும் கொடுத்தீங்க.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஆமா மைனி” என்றார்.

“என் பிள்ளை தனியா போகல” என்றார் மாமியார்.

“போகல மாமி” என்றேன்.