இரண்டாவது சாம்பார்

வங்காளத்துச் சால்ட் லேக் செக்டர் ஃபைவில், எங்கள் அலுவலகத்துக்கு எதிரே முத்தையாவின் இட்லிக் கடை இருந்தது. ஒரு பிளேட்டுக்கு என்ன விலை சொன்னாரோ அவ்வளவுதான். சாம்பாரை எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுவார். வங்காளிப் பிள்ளைகள் இட்லியைக் குளிப்பாட்டித்தான் சாப்பிடுவார்கள். மனைவி அன்னக்கிளி முணுமுணுத்தால், "சொன்ன விலை சொன்னதுதாம்ட்டி" என்பார்.

இந்த நல்ல பழக்கமே அவரைக் கவிழ்த்துவிட்டது என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று பைபாஸ் சாலை ஓரத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போனோம். உணவுக்குழாயில் புற்றுநோய், அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டும் என்றார்கள். செலவைச் சொல்ல ஒரு மேஜை, அதன் பின்னால் டை கட்டிய ஓர் ஆசாமி. சிறு துளைகள் போட்டுச் செய்தால் தழும்பு தெரியாது, ஆனால் செலவு கூட. நெஞ்சைத் திறந்து செய்தால் செலவு குறைவு என்று இந்தியில் ஒப்பித்தார். நுரையீரலைப் பற்றி மூச்சு விடவில்லை. தழும்பாம் தழும்பு, புடவைக் கடையில் பார்டர் காட்டுகிற மாதிரி.

முத்தையா என் பக்கம் திரும்பினார். "தழும்பு இருந்தா இருந்துட்டுப் போகுது தம்பி. நான் என்ன சினிமாவுலயா நடிக்கப் போறேன்? தொறந்தே செய்யட்டும். கடைய விக்காம சமாளிச்சிரலாம்."

சொன்ன விலைதான் முழு விலை என்று நம்பினார். தன் கடையில் அப்படித்தானே.

அறுவை நன்றாகவே முடிந்தது. மருத்துவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் நுரையீரலில் சளி கட்டிக் கிருமி பிடித்தது. மறுபடி ஐசியு, மறுபடி செயற்கை மூச்சு, எல்லாவற்றுக்கும் தனித்தனி பில். அவர் கண் விழிப்பதற்குள் கடை கைமாறிவிட்டது.

கடைசி பில்லைக் கட்டும்போது அன்னக்கிளி அதே ஆசாமியிடம் கேட்டார். "கொறச்சல்னு சொன்னீங்களே?"

அது ஆபரேஷனுக்கு மட்டும் என்றார் அவர். திறந்து செய்தால் நுரையீரல் தொந்தரவு அதிகம் வருமாம், படுக்கையில் கிடப்பதும் நீளுமாம். கடைசியில் பலருக்கு இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே செலவுதானாம்.

"இத அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்கள் கேட்கவில்லையே."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அது இதுதான். எச்சில்கூட விழுங்க முடியாமல் வந்த மனிதர் எதைக் கேட்பது என்றும் தெரிந்துகொண்டு வரவேண்டுமாம். அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முத்தையா பிழைத்துவிட்டார். போன வாரம் அந்தப் பழைய கடைக்கே என்னோடு சாப்பிட வந்தார். இப்போதெல்லாம் ஒரு வேளைக்கு அரை இட்லிதான் இறங்குகிறது. புது முதலாளி சுவரில் பலகை மாட்டியிருந்தான்: இரண்டாவது சாம்பாருக்குத் தனிக் கட்டணம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை நாலு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்தேன்.

முத்தையா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அவன ஏசாதீங்க தம்பி. உக்காரும்போதே சொல்லிட்டாம்லா."