நான் சீர்திருத்திய மான் காடு

எங்கள் பக்கத்தில் யாருக்காவது தன் நிலத்தில் மான் தங்க வேண்டும் என்றால் முதலில் என்னிடம்தான் வருவார்கள். முப்பத்தொரு வருடம் பால் லாரி ஓட்டியவன் நான். விஸ்கான்சினின் இந்த மேற்கு மலைப் பக்கத்தில் எந்தப் பண்ணைக்குப் பின்னால் ஓக் மரம் நிற்கிறது, எந்தப் பள்ளத்தில் தண்ணீர் வற்றாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்றதும் இந்த அறிவை ஊருக்கு வாரி வழங்க ஆரம்பித்தேன். வடக்குச் சரிவில் வேண்டாத மரங்களைப் பாதி வெட்டிச் சாய்த்து விடு, மான் படுக்க மறைவு கிடைக்கும் என்பேன். மான் மேய இந்த மூலையில் குளோவர் புல் விதை, அந்த மூலையில் டர்னிப் கிழங்கு போடு என்பேன். பரணை இங்கே கட்டாதே, காலைக் காற்று உன் வாசனையை நேராக அதன் மூக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பேன். சொன்னபடி செய்தவர்கள் எல்லாருக்கும் மான் கிடைத்தது. பக்கத்து நிலத்து டெல்மாருக்குக் கிடைத்தது. அவன் மைத்துனனுக்குக் கிடைத்தது. சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் அம்மாவுக்குக்கூடக் கிடைத்தது, அதுவும் வேட்டை சீசனின் முதல் நாளே.

என் சொந்தக் காட்டில் மட்டும் ஒன்பது வருடமாக நான் ஒரு மான்கூடச் சுடவில்லை.

சொந்தக் காடு என்பது ஒரு பேச்சுக்கு. நாற்பத்திரண்டு ஏக்கரும் என் மனைவி ஆர்டிஸுக்கு அவள் அப்பா விட்டுப்போனது. ஆர்டிஸ் இருபத்தேழு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவள். எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு எந்தப் பொய் சொல்லி வெளியே போனது என்று எழுதி வைப்பதுதான் அவள் வேலை. நான் காட்டைத் திருத்துகிறேன் என்றபோது, "சரி, திருத்து" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்குச் செய்த பெரிய சலுகை அது. அதை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் மலையின் நடுவில் பன்னிரண்டு ஏக்கரை மான்களுக்கென்றே ஒதுக்கினேன். யாரும் உள்ளே போகக் கூடாது. 'நுழையாதீர். மான்கள் ஓய்வெடுக்கின்றன' என்று பலகை எழுதி மரத்தில் அடித்தேன். அந்தப் பன்னிரண்டு ஏக்கருக்குள்தான் ஊற்று இருக்கிறது. பால் கறந்து முடித்ததும் ஆர்டிஸின் அப்பா அங்கே போய் உட்காருவார். சின்னப் பெண்ணாக அவளும் கூடவே போவாள்.

"மானுக்கு நிம்மதி வேணும் ஆர்டிஸ்" என்று விளக்கினேன்.

"எனக்கு?" என்றாள். தமாஷுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

யாரும் போகக் கூடாது என்பதில் நான் சேர்த்தி இல்லை. நான் போகாவிட்டால் எப்படி? டர்னிப் முளைத்ததா என்று பார்க்க வேண்டும். அசைவு பட்டால் தானே படம் பிடிக்கும் எட்டு கேமராக்களை மரத்தில் கட்டியிருக்கிறேன், அவற்றிலிருந்து படங்களை எடுத்து வர வேண்டும். மான்கள் நிம்மதியாக இருக்கின்றனவா என்று தினமும் பார்க்க வேண்டும். தூங்குகிற குழந்தையைத் தட்டி எழுப்பி, நன்றாகத் தூங்குகிறாயா கண்ணு என்று கேட்பது போலத்தான். அதற்கும் முன்னேற்பாடுகள் உண்டு. வாசனையில்லாத சோப்பில் துவைத்த உடுப்பு. அதைக் காய்ந்த இலைகளோடு பெட்டியில் போட்டு வைப்பேன். அக்டோபர் பிறந்தால் வெங்காயம் தொட மாட்டேன். இப்படி வாசனையே இல்லாத மனிதனாக மாறி, மலையே அதிரும் நாலு சக்கர வண்டியில் ஏறி உள்ளே போவேன்.

அந்தக் காட்டில் ஒரு கிடா மான் இருந்தது. பத்துக் கிளைக் கொம்பு. நடையில் ஒரு கம்பீரம் இருந்ததால் அதற்கு பிஷப் என்று பெயர் வைத்தேன். பிஷப் இருட்டிய பிறகுதான் கேமராவில் தலை காட்டுவான், பகலில் ஒரு நாளும் வந்ததில்லை. அவன் கொம்பை மாட்டுவதற்கென்று வரவேற்பறைச் சுவரில் முன்கூட்டியே ஒரு ஆணி அடித்து வைத்திருந்தேன்.

போன செப்டம்பரில் சாப்பாட்டு மேசையில் ஆர்டிஸ் பேச்சை எடுத்தாள். அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் ஆபரேஷன்.

"வெர்லின், கத்தி வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஊத்துக்குப் போகணும். நீயும் வா. சும்மா உக்காந்துட்டு வருவோம்."

"இப்பவா? பிஷப் அங்கதான் படுக்கறான்னு நினைக்கறேன். சீசன் முடியட்டுமே."

"சீசன் முடிஞ்ச கையோட எனக்கு ஆபரேஷன்."

"அப்ப வசந்தத்துல போவோம்."

"வசந்தத்துல இந்தக் கால் அந்த மேட்டை ஏறுமான்னு டாக்டருக்கே தெரியல. உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டு மாசம் பொறுத்துக்க மாட்டியா?" என்றேன். அவள் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை மேசையில் கொஞ்சம் அழுத்தி வைத்தாள். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்கு என் மனசில் ஓடியது, நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் என்பதுதான்.

அக்டோபரில் ஒரு கேமராவைக் கழற்றி ஊற்றுப் பக்கம் மாற்றிக் கட்டினேன். ஒரு வாரம் கழித்துப் படங்களை எடுத்து வந்து சமையலறை மேசையில் கணினியைத் திறந்தேன். டெல்மார் காபிக்கு வந்திருந்தான். நாலாவது படத்தில் எனக்கு ரத்தம் கொதித்தது.

"பாரு! வியாழக்கிழமை! எவனோ நம்ம காட்டுக்குள்ள பூந்திருக்கான்! பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்கான்! முதுகை மட்டும் காட்டறான், கில்லாடி. சாண்ட்விச் வேற தின்னுட்டிருக்கான்! இப்பவே ஷெரிஃபுக்குப் போன் போடறேன்."

டெல்மார் குனிந்து படத்தைப் பார்த்தான். நிமிர்ந்து எனக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தான்.

"யோவ் வெர்லின், இந்த நீலக் கோட்டை நான் எங்கயோ பாத்திருக்கேன்யா."

"எங்க?"

"உன் தலைக்குப் பின்னாடி. கதவுல தொங்குது."

ஆர்டிஸ் அவனுக்குக் காபி ஊற்றிக்கொண்டே, "அது என் கோட்டுதான். சாண்ட்விச்சும் என்னுதுதான். முட்டை" என்றாள்.

வியாழக்கிழமைகளில் மட்டும் நான் காட்டுக்குப் போகாமல் ஊராருக்கு யோசனை சொல்லக் கிளம்பிவிடுவேன். ஆறு வருடமாக, பனி உருகியதிலிருந்து அடுத்த பனி விழும் வரை, ஒவ்வொரு வியாழனும் அவள் என் பலகையைத் தாண்டிப் போய் வந்திருக்கிறாள்.

"அந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"மெதுவா போவேன். நாலு தடவை நிப்பேன். என்னை யார் விரட்டறா?"

"அப்புறம் ஏன் செப்டம்பர்ல என்கிட்ட கேட்ட?"

"நான் கேட்டது ஊத்துக்குப் போறதுக்கு இல்ல. நீ வர்றதுக்கு."

அந்த நேரம் பார்த்து டெல்மார் படத்தில் விரலை வைத்தான். நீலக் கோட்டுக்கு இருபது அடி பின்னால், நல்ல பகல் வெளிச்சத்தில், பத்துக் கிளைக் கொம்போடு பிஷப் புல் மேய்ந்துகொண்டிருந்தான்.

அப்புறம்தான் ஆர்டிஸ் எல்லாக் கேமராப் படங்களையும் கேட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தாள். நான் படத்தில் கொம்பைத் தவிர வேறு எதையும் பார்த்தவனில்லை. கீழே மூலையில் நேரம் அச்சாகியிருக்கும் என்பது எனக்கு உறைத்ததே இல்லை. அவளோ நேரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

"செவ்வாய், நீ வெளிய வந்தது நாலு பத்து. மான் வந்தது நாலு இருபத்தொண்ணு. புதன், நீ வெளிய வந்தது அஞ்சு ரெண்டு. மான் அஞ்சு பதிமூணு. வியாழன் நீ வரல. மானுங்க நாள் பூரா அங்கயே இருக்கு."

"தற்செயலா இருக்கும்."

"வாத்தியார் எப்ப வெளிய போவார்னு பாத்து உள்ள வர்ற பசங்களை இருபத்தேழு வருஷம் பாத்தவ நான். எனக்கே சொல்றியா? இன்னொண்ணு கேளு. இந்த மாசம் படத்துல மான் நூத்திப் பதினாலு. நீ இருநூத்தி அறுபத்திரெண்டு. இந்தக் காட்டுல அதிகமா நடமாடற மிருகம் நீதான்."

டெல்மாருக்குக் காபி புரையேறியது. அவனை ஏன் அன்றைக்கு உள்ளே விட்டேன் என்று இன்னும் வருந்துகிறேன். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட மதுக்கடைக்குப் போனால், கதவைத் திறக்கும்போதே ஒருவன் கத்தினான்: "வெர்லின், நீ வெளிய போய்யா, பதினோரு நிமிஷத்துல நாங்க வந்துடறோம்!"

சீசன் தொடங்க மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் நான் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று ஆர்டிஸ் தீர்ப்புச் சொன்னாள். சமையலறை ஜன்னலில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, பூட்டிய கடையைப் பார்க்கும் குடிகாரன் போல மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாளுக்கான திட்டமும் அவளுடையதே.

"ரெண்டு பேரும் போவோம். நீ வழக்கமா போடற சத்தத்தையெல்லாம் போடு. அப்புறம் கிளம்பி வெளிய போ. பதினோரு நிமிஷம். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவள் பன்னிரண்டு வயதில் முதல் மானைச் சுட்டவள், குறி என்னைவிட நன்றாகவே இருக்கும். நான் ஒப்புக்கொண்டேன். பிஷப்பின் கொம்பு சுவருக்கு வந்தால் சரி, சுட்டது யார் என்பதை ஊரில் எப்படிச் சொல்வது என்று அப்போதே மனசுக்குள் கதை கட்டி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை, விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். ஆர்டிஸின் நீலக் கோட்டுக்கு மேல் வேட்டைக்காரர்கள் போட வேண்டிய ஆரஞ்சு மேலங்கி, தோளில் அவள் அப்பாவின் துப்பாக்கி. என் பலகையைத் தாண்டும்போது ஆர்டிஸ் அதற்குத் தலையசைத்து, "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். முதல் தடவை அவள் நின்றபோது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டாம் தடவை, அவள் அப்பா கட்டிய வேலிக் கம்பியை ஒரு மேப்பிள் மரம் முழுக்க விழுங்கியிருப்பதைக் காட்டினாள். தினமும் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், பார்த்ததில்லை. மூன்றாம் தடவை என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில்தான் அந்த முழங்கால் எவ்வளவு வலிக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள், நானும் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் தடவை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஊற்றோரம் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, போ" என்றாள்.

நான் இருமினேன். சுள்ளிகளை மிதித்து ஒடித்தேன். பிளாஸ்க்கைக் கீழே போட்டேன். என் பங்கை மனசாரச் செய்துவிட்டு இறங்கினேன். முப்பது அடி போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள், படத்தில் பார்த்த அதே முதுகு. 'நீயும் வா' என்றுதான் செப்டம்பரில் கேட்டாள். நானோ மானுக்காக மறுபடியும் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், உடனே திரும்பிவிடவில்லை. பதினோரு நிமிடம், பத்துக் கிளை, சுவரில் ஆணி என்று ஒரு முழு நிமிடம் நின்று யோசித்தேன். அப்புறம்தான் திரும்பி மேலே ஏறினேன்.

"என்ன, எதையாவது மறந்துட்டியா?"

"ஆமா." பக்கெட் ஒன்றுதான் இருந்தது. ஈர இலைகள் மேல் அவள் காலடியில் உட்கார்ந்தேன்.

"நீ இருந்தா அது வராது வெர்லின்."

"வராட்டி போகட்டும்."

"ஒன்பது வருஷம்."

"தெரியும். சாண்ட்விச் எனக்கும் இருக்கா?"

"எப்பவும் ரெண்டு கொண்டு வருவேன்."

"ஆறு வருஷமாவா? அந்த இன்னொண்ணை என்ன பண்ணுவ?"

"திருப்பிக் கொண்டு வந்து மறுநாள் மத்தியானம் உனக்கு வெப்பேன். வெள்ளிக்கிழமை மட்டும் ரொட்டி ஏன் வரவரன்னு இருக்குன்னு கேப்பியே, அதான்."

அவள் நீட்டிய சாண்ட்விச்சை ஒரு பொடிகூடச் சிந்தாமல் தின்றேன். அவள் தோட்டாக்களை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பின்னால் ஓக் மரத்தில் சாய்த்து வைத்தாள். சுற்று மலைகளில் என்னிடம் யோசனை கேட்டவர்கள் டமார் டமார் என்று சுட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவள் அப்பாவைப் பற்றியும், எங்கள் பழைய நாயைப் பற்றியும், ஆபரேஷன் பயத்தைப் பற்றியும் பேசினோம். மான் எதுவும் கண்ணில் படவில்லை. சீசனின் மீதி எட்டு நாளிலும் படவில்லை. கிறிஸ்துமஸுக்கு டெல்மார்தான் மான் கறி சாசேஜ் இரண்டு உருளை கொண்டுவந்து கொடுத்தான். "ஆசிரியருக்குக் காணிக்கை" என்றான், பாவி.

ஆபரேஷன் முடிந்து ஆர்டிஸ் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். நான் பனியில் போய் ஊற்றுக் கேமராவின் படங்களை எடுத்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் சனிக்கிழமை, காலை எட்டு பதினாறு. பக்கெட் மேல் அவள், கீழே நான், இரண்டு முதுகுகள். அவள் கை என் தோளில் இருந்தது. அது இருந்ததே அன்றைக்கு எனக்குத் தெரியாது. நெடுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா வந்திருக்கு இது. பெரிசாக்கிச் சுவத்துல மாட்டணும்" என்றேன்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வழக்கம்போல நேரத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கால் வலிக்கிறது, ஐயோ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"வெர்லின், படத்தை முழுசா பாத்தியா?"

"பாத்தேனே."

"பின்னாடி பாரு."

எங்களுக்குப் பின்னால், ஓக் மரத்தை ஒட்டி, பிஷப் நின்றிருந்தான். பத்துக் கிளையும் நிமிர்ந்திருக்க, நேராக என் வழுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். துப்பாக்கி எங்களைவிட அவனுக்குத்தான் பக்கத்தில் இருந்தது.

கொம்புக்கு அடித்த ஆணியில் இப்போது அந்தப் படம் தொங்குகிறது. யோசனை கேட்டு வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே, "அடேயப்பா, என்ன கொம்பு!" என்கிறார்கள். எனக்குத்தான் இன்னும் அந்த மான் சட்டென்று கண்ணில் படுவதில்லை.