எக்குவா சிரித்த பேனர்

கானாவின் தக்கோராடி சந்தையில் கட்சிக் கூட்டம் நடந்தாலும் கிறிஸ்துமஸ் முகமூடி ஆட்டம் நடந்தாலும் மான்சா அங்கே இருப்பாள். தோளில் கேமரா, முதுகுப் பையில் சின்ன பிரிண்டர். படம் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அச்சடித்து, சட்டை நிறத்தை வைத்தே ஆளைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுத்துவிடுவாள். பத்தொன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. ஊரில் பாதிப்பேருக்கு அவளைத் தெரியும். அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசியவர்கள் இல்லை. கப்பல் வேலைக்கென்று பக்கத்து நாட்டு அபிஜானுக்குப் போன கணவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான்.

அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் எக்குவா. என் தையல் கடைக்கு எதிரே புளித்த சோளமாவை உருட்டி அவித்த கென்கியும் பொரித்த மீனும் விற்பவள். மத்தியானம் இருவரும் ஒரே தட்டில்தான் கை போடுவார்கள்.

"நேத்து எதிர்க்கட்சி கூட்டத்துல ஆடினே. இன்னைக்கு ஆளுங்கட்சி பனியனா?" என்று ஒருநாள் மான்சா சீண்டினாள்.

"ட்ரம்முக்குக் கட்சி ஏதுடி? குடுத்தான், போட்டுக்கிட்டேன். ஓட்டு யாருக்குன்னு என் வயித்துக்குள்ள இருக்கு."

அன்று மாலைக் கூட்டத்தில், கைகள் இரண்டையும் தூக்கி, கண்ணை மூடி, வாய் கொள்ளாமல் எக்குவா சிரித்ததை மான்சா படமெடுத்தாள். பார்த்த ஆளுங்கட்சிக்காரர்கள் அந்தப் படத்தைக் கேட்டார்கள். பெருமையில் கொடுத்துவிட்டாள்.

பத்தே நாளில் சந்தையைச் சுற்றி மூன்று பேனர்கள். மூன்றிலும் எக்குவாவின் சிரிப்பு, கீழே வேட்பாளர் பெயர்.

மூட்டை தூக்குகிறவர்களும் மீன் இறக்குகிறவர்களும் பெரும்பாலும் எதிர்க்கட்சி. அவர்கள் வேறு கடைக்கு நகர்ந்தார்கள். வழக்கமாக மீன் போடுகிறவளும் நின்றுவிட்டாள். அவித்த கென்கி சாயங்காலம் வரை அப்படியே இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள் எக்குவா. சந்தையே திரும்பிப் பார்த்தது.

"நீ அவ்வளவு அழகா சிரிச்சிருந்தேடி. எனக்கு வேற எதுவும் தோணல."

"அந்தச் சிரிப்பைத்தான் வித்துட்டே. இனிமே என் தட்டுல கை வைக்காதே."

பேனர்களை இறக்கச் சொல்லி மான்சா கட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்தவன் நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை. "தேர்தல் முடியட்டும் சிஸ்டர். அப்புறம் மழையே கிழிச்சுடும்."

மறுநாள் பட்டப்பகலில் என்னிடம் வந்து பெரிய கத்தரியைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். ஏணி வைத்து ஏறி இரண்டு பேனர்களை அறுத்துப் போட்டாள். மூன்றாவதில் ஏறும்போது கட்சிக்காரர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். விழுந்ததில் முழங்கை எலும்பு விரிசல் விட்டது. போலீஸ் பொழுது சாயும்வரை ஸ்டேஷனில் உட்கார வைத்து அனுப்பியது. கூட்டிவர நான்தான் போனேன். வேறு யாரும் வரவில்லை.

நடந்ததை எக்குவாவிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே. "கிழிச்சா என் வாடிக்கை திரும்பி வந்துடுமா?"

அந்த மாதமே கடையை மூடிவிட்டு பக்கத்து ஊரான செகொண்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முகமூடி ஆட்டக்காரர்கள் ஊதுகொம்புகளோடு வந்தபோது மான்சா கேமராவைத் தூக்கினாள். கூட்டத்துக்கு நடுவே பேத்தியை இடுப்பில் வைத்தபடி எக்குவா. கேமராவைக் கண்டதும் மேல்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். குழந்தையின் முகத்தையும் சேர்த்து மூடினாள். மான்சா கேமராவைக் கீழே இறக்கினாள். ஆட்டம் கடந்துபோகும்வரை அதே இடத்தில் நின்றாள். இடித்தவர்களைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போதும் படமெடுக்கிறாள். ஒவ்வொருவரிடமும், "எடுக்கட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் எடுக்கிறாள். கேட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, சட்டையை நீவி, விறைப்பாக நிற்கிறார்கள். எல்லாப் படமும் அடையாள அட்டைப் படம் போலவே இருக்கிறது.

"சாப்பிட்டுப் போ மான்சா" என்று கடைக்குள் கூப்பிடுவேன்.

"இல்ல சிஸ்டர், வெளிச்சம் போயிடும்" என்பாள். உச்சி வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.