சாளை மீனுக்கும் ஒரு ஸ்தோத்திர காணிக்கை

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் அனைவருக்கும் தங்கையின் அன்பு வணக்கம். கட்டுரையை நீதான் எழுத வேண்டும் என்று சொன்ன சித்தப்பா, முதல் வரியையும் அவரே தந்துவிட்டார். "குடும்பத்துக்காக அயல்நாட்டில் மெழுகுவர்த்தியாய் உருகியவர்." சித்தப்பாவிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வரியை எழுத மாட்டேன். அக்கா உருகவில்லை. நன்றாக இருந்தார்.

அக்கா பிறந்தது சாத்தான்குளம் பக்கத்தில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்ததும் தூத்துக்குடிக்கு வந்தோம். அம்மாவுக்கு மூச்சிழுப்பு நோய். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அடுப்படி அக்காவின் கைக்கு வந்துவிட்டது. அப்பாவின் ஷிப்டுக்கு ஏற்றபடி சோறு, அம்மாவுக்கு வெந்நீர், எனக்கு இரட்டைச் சடை. இதற்கு நடுவில்தான் படித்து லேப் டெக்னீஷியன் ஆனார். பேசி முடித்த கல்யாணம் ஒன்று நின்றுபோனது. அடுத்த வருடமே மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் அக்காவின் பெயருக்கு முன்னால் 'பாவம்' சேர்த்துக்கொண்டார்கள். "பாவம், ஒத்தையில கெடக்கா." "பாவம், வெயில்ல வேகுதா." அக்கா லீவில் வந்தால் முகம் கறுத்திருக்கிறதா, முடி கொட்டியிருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும்.

கஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல வருடம் ஒரே அறையில் நான்கு பேர். அம்மா இறந்தபோது லீவு கிடைக்காமல் அடக்கத்துக்கு வர முடியவில்லை. போனில் அக்கா அழுத அழுகை எனக்குத் தெரியும். அதை யாரிடமும் அவர் மறைக்கவில்லை. ஆனால் சந்தோஷத்தையும் மறைக்க மாட்டேன் என்றார். அதுதான் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை.

உத்தியோகம் கிடைத்ததற்கும், பிரசவம் நல்லபடியாக முடிந்ததற்கும் எங்கள் சபையில் கடவுளுக்கு நன்றியாக ஸ்தோத்திர காணிக்கை கொடுப்பார்கள். யார், எதற்காகக் கொடுத்தார்கள் என்று ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள். அக்காவும் மஸ்கட்டிலிருந்து என் மூலமாகக் கொடுத்துவந்தார். காரணத்தைப் போனில் சொல்வார்.

"சினையோட சாளை மீன் கெடைச்சுதுளா. நம்மூர்த் தருவைகுளத்துச் சாளை தோத்துரும். அதுக்குக் குடு."

இன்னொரு மாதம், ஆஸ்பத்திரி பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே வீடு திரும்பியதற்காக. தனி அறை கிடைத்த மாதம், கதவை உள்ளே பூட்டிக்கொண்டு வாய்விட்டுப் பாடியதற்காக.

நான் அப்படியே எழுதி, சபைச் செயலாளரான சித்தப்பாவிடம் கொடுப்பேன். அவர் வாசிக்கும்போது எல்லாமே "அயல்நாட்டில் சகல பாடுகளிலும் தாங்கி நடத்தியதற்காக" என்று மாறிவிடும். பாட்டும் பாடுதான், மீனும் பாடுதான்; எல்லாமே துன்பக் கணக்கு.

ஒரு லீவில் அக்காவும் ஆராதனைக்கு வந்திருந்தார். சித்தப்பா வழக்கம்போல் 'சகல பாடுகளிலும்' என்று வாசித்ததும், பெண்கள் பக்கத்தில் என் அருகே இருந்த அக்கா எழுந்து நின்றார்.

"சித்தப்பா, பாடுக்கு இல்ல. சாளை மீனுக்கு. எழுதிக் குடுத்தத அப்படியே வாசிங்க."

சபை சிரித்தது. குருவானவரும் சிரித்தார். சித்தப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சாளை மீனுக்காக" என்று வாசித்தார். வீட்டுக்கு வந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா, கோயில்ல நின்னு மீனப் பத்தியா பேசுவாவ? மானம் போச்சுல்லா."

"மீன் குடுத்தவருக்கு ஸ்தோத்திரம் சொல்ல எனக்கென்ன வெக்கம் சித்தப்பா? நான் கஷ்டப்பட்டேன்னு சொன்னாத்தான் உங்களுக்கெல்லாம் இனிக்குது."

சித்தப்பா சாப்பிடாமலே போய்விட்டார்.

நோய் வந்து அக்கா ஊருக்குத் திரும்பியபோது 'பாவம்' சொன்னவர்கள் எல்லாம் வரிசையில் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அக்கா அவர்களிடம் மஸ்கட் மீன் சந்தையைப் பற்றிப் பேசி அனுப்பினார். கடைசி வாரத்தில் ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏளா, ஒரு காணிக்கை விட்டுப்போச்சு. அங்கன வெள்ளிக்கிழமை காலையில டீயச் சூடாக் குடிச்சேம்லா, அதுக்கு."

"டீக்கா?" என்றேன்.

"நம்ம வீட்ல நான் என்னைக்காவது சூடாக் குடிச்சிருக்கனா? ஒரு வாய் குடிக்கதுக்குள்ள அப்பா கூப்பிடுவாங்க, அம்மா கூப்பிடுவாங்க, நீ கூப்பிடுவ. அங்கன லீவு நாள்ல யாரும் கூப்பிட மாட்டாங்க. கடைசிச் சொட்டு வரைக்கும் சூடு."

குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. "நீயும் பாவம்னு சொல்லிராத" என்றார்.

அந்த ஞாயிறு வருவதற்குள் அக்கா போய்விட்டார். துக்க வீட்டில் டீக்கு ஸ்தோத்திரமா என்று, நான் எழுதிக் கொடுத்ததைச் சித்தப்பா வாசிக்காமல் விட்டுவிட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கடைசி நாட்களில் அக்காவைத் தூக்கி உட்கார வைத்த நர்சுகளுக்கு நன்றி. மஸ்கட்டில் சினைச் சாளையை அக்காவுக்கென்று எடுத்து வைத்த மீன்காரருக்கும், சன்னலோர சீட்டை யாருக்கும் கொடுக்காத பஸ் டிரைவருக்கும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் பாட்டைப் பொறுத்துக்கொண்ட மலையாளத்துச் சேச்சிக்கும் நன்றி. அடக்கத்துக்கு ஓடியாடி எல்லாம் செய்த சித்தப்பாவுக்கும் மனதார நன்றி.

விட்டுப்போன காணிக்கையை இன்றைய ஆராதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சித்தப்பா படித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அவர் வாயில் 'பாடு' என்று வந்தால், பெண்கள் பக்கத்தில் நான் எழுந்து நிற்பேன்.

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். டீ தருவோம். குடித்து முடிக்கும்வரை யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம்.